ம் கொட்டும் பெட்டி

கதை எதுவும் நான் சொல்லவில்லை.
அதற்குள் ம் கொட்டுகிறது பெட்டி.

பன்னிரண்டு வழி மிக்சர். நாற்பது யூரோ.
தேவாலயத்தில் மட்டும்தான் பாடியது என்று
சத்தியம் செய்து விற்றான் யூலர்.
மூடியின் ஒன்பதாவது திருகாணி கழன்றதும்
அறையெங்கும் பழைய பியர் வாசனை.

தாலின் நகரத்தின் கோப்லி முனை, மரவீடு, பிப்ரவரி.
ஜன்னலின் உட்பக்கமும் பனி.
ஒயர்களை எல்லாம் பிடுங்கினேன்.
ம்.
மைக் இல்லை, கிட்டார் இல்லை, லேப்டாப் இல்லை.
ம்ம்.
பன்னிரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கி
மாஸ்டரையும் இறக்கிவிட்டு
காதை ஸ்பீக்கரில் வைத்தால்
ம்ம்ம் என்கிறது,
பணம் தர மனமில்லாத மாமன்
ஆகட்டும் பார்க்கலாம் என்பதுபோல.

பவர் சப்ளையில் இரண்டு கெப்பாசிட்டர்கள்
தலை உப்பிக் கிடந்தன.
மாற்றினேன். விரலைச் சுட்டுக்கொண்டேன்.
நொடிக்கு நூறாய் அரித்த இரைச்சல் போய்
அதற்கடியில் ஒளிந்திருந்த ஐம்பது வெளியே வந்தது.
தடித்த, பொறுமையான, வேறொரு ம்.

அதை அப்படியே விட்டுவிட்டு
கரகரப்பைத் தேடிப் போனேன்.
கைக்கு அகப்படாததை விட்டு
அகப்படுவதைத் தொடுவது என் பழைய குணம்.

திருகும்போது கரகரத்தால் அழுக்கு.
திருகாமலே கரகரத்தால் விட்டுப்போன ஈயம்.
பென்சிலின் பின்முனையால்
ஒவ்வொரு பற்றாகத் தட்டிப் பார்த்தேன்.
ஈயத்தில் குறை இல்லை.
நாலாம் வழியைத் திருகினால் மட்டும்
காய்ந்த சருகில் யாரோ நடக்கிறார்கள்.

அதன்மேல் காகித டேப். பேனா எழுத்து: அக்கார்டியன்.
உரித்தால் அடியில் இன்னொன்று: கல்யூ, குறைக்கவும்.
அதற்கும் அடியில்: கல்யூ, இன்னும்.

திருகைப் பிரித்து உள்ளே பார்த்தேன்.
கரித்தடத்தின் கீழ்ப்பகுதி மட்டும்
தேய்ந்து வழவழத்திருந்தது.
நடுவுக்கு மேல் புத்தம் புதுக் கறுப்பு.
அங்கே யாரும் போனதேயில்லை.
கல்யூ யார், என்ன வாசித்தான்,
அவ்வளவு மோசமாகவா?
மருந்தை ஒரு பீச்சு பீச்சி
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
நாற்பது தடவை திருகினேன்.
அவன் போகாத உயரத்துக்கெல்லாம் போய்வந்தது விரல்.

இரவு பதினொன்றுக்குக் கதவு தட்டும் சத்தம்.
மாடியில் இருக்கும் தாய்சியா, டிராம் ஓட்டுகிறவள்,
இரவு உடுப்பின்மேல் வேலைக் கோட்டு.
"தேனீ வளர்க்கிறீர்களா?
காலையில் எனக்கு முதல் வண்டி."
சொல்லிக்கொண்டே பெட்டியின் விளிம்பில் கை ஊன்றினாள்.

நின்றது.

கையை எடுத்தாள்: ம்.
வைத்தாள்: இல்லை.
எடுத்தாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.
"கடிக்கிறது," என்று உள்ளங்கையைக் கோட்டில் தேய்த்தாள்.
குனிந்து சுவரைப் பார்த்தாள்.
இரண்டே ஓட்டைகள்.
"இந்த வீட்டில் எர்த் சமையலறையில் மட்டும்தான்.
இத்தனை வருஷம் இருந்துகொண்டு, இது தெரியாதா?"

தெரியாது.
பெட்டியை அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
அடுப்புக்கும் உருளைக்கிழங்குக் கூடைக்கும் நடுவே
இறக்கி வைத்து, ஸ்பீக்கரையும் சேர்த்து
ஒரே பலகையில் செருகினேன்.

ம் நின்றுவிட்டது.
ம் நின்றால் கேட்டவர் தூங்கிவிட்டார் என்று பொருள்.
ஆனால் இந்த மௌனம் விழித்திருந்தது,
ஏதாவது சொல்லேன் என்று.
சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?
அவள் நல்லிரவு சொல்லிப் படியேறினாள்.
நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

விடிய இன்னும் நேரம் இருந்தது. ஐந்தேகால்.
சடக்.
பதறி எல்லாவற்றையும் மறுபடி தட்டினேன்.
பெட்டிக்குள் ஒன்றும் இல்லை.
பிறகுதான் தரை அதிர்ந்தது, கரண்டிகள் ஆடின.
பனி பூசிய கம்பியில் பொறி தெறிக்கத்
தெருவைக் கடந்துகொண்டிருந்தது முதல் டிராம்.

இதற்கு மருந்து உண்டு.
வடிகட்டி, கவசம், நல்ல கேபிள்.

நாலாம் வழியை
நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தேன்.